சந்தா என்னும் கடன்

(வ. புதுப்பட்டியில் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் இணையதளத்தை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இது அமெரிக்காவில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்த தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். இணையம் புதிதுதான். ஆனால் உறுப்பினர்களைச் சேர்த்து ஓர் அறிவு நிலையத்தை நடத்துவது நம் வட்டாரத்துக்கு நூற்றைம்பது வருஷத்துப் பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கப்பட்டது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் திருநெல்வேலி மாவட்டம். கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயரை நூலகத்துக்கு வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததே 1948-இல்தான். வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி, அரசு ஊர் ஊராக நூலகம் திறக்கத் தொடங்கியது அதன் பிறகு. எழுபத்து மூன்று ஆண்டுகள் முன்னதாகவே இங்கே ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகக் கூடி அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ராஜபாளையத்தில் நடந்தது வேறு வழி. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த மனசு எல்லாருக்கும் வராது. அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் கிடைக்கவும் மாட்டார். ஒரு வள்ளல் கிடைக்காத இடத்தில், நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துவதுதான் வழி. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். கொடுத்தவர் கொடுத்ததோடு விலகிக்கொள்வார். உறுப்பினர் விலகமாட்டார். மாதாமாதம் வந்து, நான் கட்டிய பணத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். சந்தாப் பணம் கைக்கு வந்த அன்று அது உங்கள் வருமானம் அல்ல, நீங்கள் பட்ட கடன்.

கணக்காகவே பார்ப்போம். வருஷத்துக்கு 1,200 ரூபாய் என்று வைக்கிறீர்கள். உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று முதல் வாரத்தில் 200 பேர் சேர்ந்துவிட்டார்கள். வங்கியில் 2,40,000 ரூபாய் நிற்கிறது. புது லேப்டாப் வாங்கலாம், ஓர் அறை பிடிக்கலாம் என்று தோன்றும். தீபாவளிக்குப் பால்கோவா ஆர்டர் எடுத்து முன்பணம் வாங்கிய கடைக்காரர், பால் வாங்கும் முன்னே அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால் என்ன ஆகும்? அதே நிலைதான் இதுவும். அந்த 2,40,000-இல் முதல் மாதம் முடியும்போது நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது 20,000 மட்டும். மீதி 2,20,000 இன்னும் அந்த 200 பேருடையது. அடுத்த மாதம் ஒழுங்காக நடத்தினால் இன்னொரு 20,000 உங்களுடையதாகும். ஆகவே இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருவதெல்லாம் ஒன்றில் விழட்டும். மாதம் முடிந்ததும் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் மற்றதற்கு மாற்றுங்கள். செலவெல்லாம் அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான். இந்தத் தொழிலில் இறங்கும் ஒருவருக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் சந்தாதாரரை மட்டுமே நம்பி நடந்த முயற்சிகளில் என் மனதில் உயர்ந்து நிற்பது சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகை. 1959 ஜனவரியில் முதல் இதழ் வந்தது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். ஜனரஞ்சகப் பத்திரிகைகள் லட்சக் கணக்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ, என் வாசகர் இத்தனை பேர்தான், அவர்களுக்காக மட்டும் நடத்துகிறேன் என்று கோடு போட்டார். அந்த இரண்டாயிரத்தையும் அவரால் எட்ட முடியவில்லை என்பது வருத்தமான உண்மை. ஆனால் அந்தச் சிறிய வட்டத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள் அதில் வந்தன. திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். பிற்காலத்தில் பிரமிள் என்று நாம் அறிந்தவர். 1962-இல் 'புதுக்குரல்கள்' கவிதைத் தொகுப்பு வந்தது. தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றிய இடம் அந்தப் பத்திரிகை. செல்லப்பா தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். 1970 வரை 'எழுத்து' நடந்தது.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த துணிவு. விட்டுவிட வேண்டியது, ஒருவரே எழுதி, தொகுத்து, அச்சகத்துக்கு அலைந்து, விற்றும் வந்த அந்தச் சுமை. இன்று அச்சுச் செலவும் தபால் செலவும் இல்லை. இருநூறாவது உறுப்பினர் சேர்வதால் கூடுகிற செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செல்லப்பாவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அவருக்கும் முன்னால் உ. வே. சாமிநாதையர் இருக்கிறார். சீவக சிந்தாமணியை அச்சிடக் கையில் பணம் இல்லாதபோது, புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். 1887-இல் புத்தகம் வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் நடக்கிற கூட்டு நிதித் திரட்டல் வேறென்ன?

கடன் என்று சொன்னேன். அந்தக் கடனை அடைக்க முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்திலிருந்து ஓர் உதாரணம். 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் 'டி கரஸ்பாண்டன்ட்' என்ற டச்சு மொழி இணையதளத்துக்கு வாசகர்களிடம் உறுப்பினர் கட்டணம் கேட்டார்கள். விளம்பரமே கிடையாது, உறுப்பினர் பணம் மட்டும்தான் என்றார்கள். எட்டு நாளில் பத்து லட்சம் யூரோ சேர்ந்தது. அந்தத் தளம் நன்றாகவே நிலைத்தது. அந்த உற்சாகத்தில் ஆங்கிலத்திலும் தொடங்கினார்கள். 2018 கடைசியில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 45,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 26 லட்சம் டாலர். அமெரிக்கப் பிரபலங்கள் பலர் ஆதரவு தந்தார்கள். அமெரிக்காவில் அலுவலகம் வரும் என்று நம்பித்தான் அங்கே பலரும் பணம் கட்டினார்கள். பிறகு, அலுவலகம் ஆம்ஸ்டர்டாமிலேயே இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. கட்டியவர்கள் கொதித்தார்கள்; நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2019 செப்டம்பர் கடைசியில் தளம் திறந்தது. 2020 முடிந்ததோடு மூடிவிட்டார்கள். கொரோனா ஆண்டில் பலர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் ஒரே நிறுவனம், ஒரே கொள்கை, ஒரே ஊர். டச்சு நின்றது, ஆங்கிலம் விழுந்தது. டச்சு வாசகருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. உலகத்துக்கே கொடுக்கிறோம் என்றபோது யாருக்கு எதை என்பது கலங்கிவிட்டது. நான் புரிந்துகொண்டது இது.

இதற்கு நேர் எதிராகப் பெங்களூரில் 2016-இல் தொடங்கிய 'தி கென்' தளத்தைச் சொல்லலாம். வணிகச் செய்தித் தளம். நாளுக்கு ஒரே ஒரு கட்டுரை, அதற்குச் சந்தா. அவ்வளவுதான் அவர்கள் தொடக்கத்தில் கொடுத்த வாக்கு. நாளுக்கு இருபது செய்தி இலவசமாகக் கொட்டிக் கிடக்கிற நாட்டில், ஒன்றே ஒன்றைத் தருகிறேன், காசு கொடு என்று கேட்டார்கள்; கொடுக்க ஆள் இருந்தது. கொடுக்கிற வாக்கு சிறியதாக இருந்தால் அதைத் தவறாமல் காப்பாற்ற முடியும். வாரம் நான்கு வீடியோ, தினம் ஒரு தேர்வு, மாதம் இரண்டு நேரலை, எந்நேரமும் சந்தேகம் தீர்க்கும் குழு என்று தொடக்க விளம்பரத்திலேயே அடுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் என்ன ஆகும்? வாரம் ஒன்று என்று சொல்லுங்கள். இரண்டாவதைக் கொடுத்தால் அது உங்கள் அன்பாக இருக்கட்டும்.

சரி, எதற்கு மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள்? இந்தக் கூட்டத்தில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் நிறைய இருப்பீர்கள். பாடத்திட்டத்தை ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களும் அப்படியே. ஆக, படிக்க வேண்டியதெல்லாம் கையருகில் இலவசமாக இருக்கிறது. இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சித் தளங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஏமாறுகிறார்களா? எல்லாரும் இல்லை. அவர்கள் வாங்குவது தகவலை அல்ல. இன்றைக்கு எந்தப் பாடம், நாளைக்கு எது என்கிற வரிசையை வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தை வாங்குகிறார்கள். எழுதியதைத் திருத்தி, எங்கே தவறினாய் என்று சொல்ல ஓர் ஆளை வாங்குகிறார்கள். தன்னைப் போலப் படிக்கிற முந்நூறு பேர் நடுவில் தன் இடம் எது என்று தெரிந்துகொள்கிறார்கள். இணையத்தில் அள்ளக் குறையாமல் கிடைப்பதைத் திரும்பத் தொகுத்துப் பூட்டு போட்டு விற்க முயன்றால் விற்காது. விற்றாலும் மறு வருஷம் புதுப்பிக்கமாட்டார்கள். ஒருவருடைய நேரத்தையும் பொறுப்பையும் விற்றால் புதுப்பிப்பார்கள்.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளவக்கல் அணைகளில் தண்ணீர் எவ்வளவு, தேங்காய் இன்று என்ன விலை என்பவற்றைப் பூட்டி வைத்துக் காசு கேட்கக் கூடாது. அது ஊருக்குச் சேர வேண்டியது. எப்படியும் வாட்ஸப்பில் வந்துவிடும். ஆனால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சிறு உற்பத்தியாளருக்கு, வெளிமாநில மருத்துவமனை டெண்டர் அறிவிப்பைத் தேடி எடுத்து, அதில் என்ன தரம் கேட்கிறார்கள், எந்தச் சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்று தமிழில் வாரம் ஒருமுறை விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால்? அதற்கு மாதம் 500 ரூபாய் யோசிக்காமல் கொடுப்பார். அப்படி 60 பேர் போதும், இந்த ஊரில் உட்கார்ந்து ஒருவர் கௌரவமாக வாழலாம். ஆயிரம் பேருக்குப் பொதுவானதைவிட அறுபது பேருக்குக் கட்டாயமானதுதான் நிலைக்கும். நான் சொல்வது ஓர் உதாரணம்தான். உங்கள் வீட்டுத் தொழிலை உங்களைவிட யார் அறிவார்?

அடுத்த கேள்வி, எவ்வளவு பூட்டுவது. 2011-இல் நியூயார்க் டைம்ஸ் மாதம் இருபது கட்டுரை இலவசம், அதற்கு மேல் பணம் என்று வைத்தது. அடுத்த வருஷம் இருபதைப் பத்தாக்கியது. வாசல்வரை வந்து பார்க்க எல்லாருக்கும் அனுமதி, தினமும் வருகிறவர் மட்டும் கொடுக்கட்டும் என்கிற கணக்கு. நம் மொழியில் 2021-இல் பத்திரிகையாளர் சமஸ் தொடங்கிய 'அருஞ்சொல்' தளம் இன்னொரு வழியில் போனது: கட்டுரை எல்லாருக்கும் திறந்திருக்கும், விரும்புகிறவர்கள் சந்தா கட்டித் தாங்குவார்கள். பொதுநலன் சார்ந்த எழுத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். கட்ட முடியாதவர் படிக்காமல் போய்விடக் கூடாது. பயிற்சி, தொழில் விளக்கம், திருத்தித் தருவது போன்றவற்றுக்குப் பூட்டு தவறில்லை. அங்கே உங்கள் நேரம் அளவானது. எதுவானாலும் ஒரு மாதிரிப் பாடம் முழுசாகத் திறந்திருக்கட்டும். பாதியில் நிறுத்திக் காசு கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இனி, நடத்தும்போது உங்களைத் தூங்கவிடாத எண் ஒன்று உண்டு. எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் விலகினால் பெரிதாகத் தெரியாது. ஆனால் வருஷக் கடைசியில் அந்த நூறில் மிஞ்சுவது ஐம்பத்து நான்கு பேர்தான். அதையே மூன்றாகக் குறைத்தால் அறுபத்தொன்பது பேர் இருப்பார்கள். 300 உறுப்பினர் உள்ள தளத்தில் ஐந்து சதவீத விலகல் என்றால், மாதம் 15 புதியவர்களைப் பிடித்தால்தான் இருந்த இடத்தில் நிற்கலாம். அந்தப் பதினைந்து பேரைத் தேடி விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தையும் நேரத்தையும், இருக்கிறவர்களைக் கவனிப்பதில் போடுங்கள். சேர்ந்த முதல் வாரமே உறுப்பினரோடு ஒருமுறை பேசுங்கள். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வாரம் எட்டிப் பார்க்காதவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். முந்நூறு பேர்வரை இது ஓர் ஆளால் முடியும். பெரிய நிறுவனத்தால் முடியாது. சிறியவர்களுக்கு இருக்கிற பலம் அது ஒன்றுதான்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வேர்ட்பிரஸ் போட்டு உறுப்பினர் வசதிக்கான ஒரு செருகுநிரலைச் சேர்த்தால் வேலை நடக்கும். 'கோஸ்ட்' என்கிற மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. உங்கள் வரவில் அது பங்கு கேட்பதில்லை. வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் பலர் சப்ஸ்டாக் போகிறார்கள். அது பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். அங்கே பணம் வாங்க ஸ்ட்ரைப் கணக்கு வேண்டும். ஸ்ட்ரைப் இந்தியாவில் அழைப்பின் பேரில்தான் புதியவர்களைச் சேர்க்கிறது. ஆகவே நமக்கு அது எளிதான வழி அல்ல. எதை எடுத்தாலும் உறுப்பினர் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை அதன் நகலை வேறோர் இடத்தில் சேமிக்க வேண்டும்.

பணம் வாங்குவதில் நம் நாடு மற்றவர்களைவிட முன்னால் இருக்கிறது. 2016-இல் யுபிஐ வந்தது. 2020-இல் அதிலேயே ஆட்டோபே வந்தது. உறுப்பினர் ஒருமுறை அனுமதி கொடுத்தால் மாதாமாதம் தானாகப் பணம் வரும். பணம் எடுப்பதற்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்பே அவருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைத் தொல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. தகவல் பார்த்ததும் ஒருவர் நிறுத்தத் தோன்றினால், குறை அந்தத் தகவலில் இல்லை. இணையவழிப் பணச் சேவை நிறுவனங்கள் பொதுவாக நூற்றுக்கு 2 ரூபாய் எடுத்துக்கொள்ளும். அந்த 2 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 100 ரூபாயில் 97 ரூபாய் 64 காசு உங்களுக்கு வரும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் நீங்களே ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். அதுவரை பதிவு இல்லை என்றாலும் கணக்கு நோட்டு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சட்டத்தில் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தளம் நடத்த நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தேவையில்லாத விவரம் எதையும் கேட்காதீர்கள். பெயர், தொடர்பு, பணம் கட்டிய தேதி போதும். இன்னொன்று, அதே 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல். வாடிக்கையாளரை ஏமாற்றும் பதின்மூன்று வகைத் தந்திரங்களை அது பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி: சேர்வது ஒரு நொடி, விலகுவதற்கு ஏழு வாசல். அப்படிச் செய்வது இப்போது விதிமீறல். விதி இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. விலகுவதற்கான பொத்தான் சேர்வதற்கான பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். போகிறவரிடம் ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதில்களை எழுதி வைத்து மாதம் ஒருமுறை படியுங்கள். எந்த ஆலோசகரிடமும் கிடைக்காத பாடம் அதில் இருக்கும்.

கடைசியாக, மூடுவதைப் பற்றி. தொடங்கும் உற்சாகத்தில் இதை யாரும் பேசுவதில்லை. உடல்நலம், திருமணம், வேறு வேலை என்று ஏதாவது வரும். ஒருநாள் நிறுத்த வேண்டியிருக்கும். அது தோல்வி ஆகாது. செல்லப்பா பதினோரு ஆண்டுக்கு மேல் நடத்திவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பே உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்றிலிருந்து புதிய சந்தா வாங்காதீர்கள்; ஆட்டோபே அனுமதிகளை நீங்களே ரத்து செய்யுங்கள். அவர்கள் காசில் உருவான பாடங்களை அவர்கள் இறக்கி வைத்துக்கொள்ள வழி செய்யுங்கள். முதலில் சொன்ன அந்த இரண்டு கணக்கு முறையைக் கடைப்பிடித்திருந்தால், எந்த மாதத்தில் நிறுத்தினாலும் மீதி மாதங்களுக்கான பணம் முதல் கணக்கில் தொடாமல் இருக்கும். ஒன்பதாவது மாத முடிவில் நிறுத்தினால், 1,200 கட்டியவருக்கு 300 ரூபாய் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிய அன்று உங்கள் கடன் தீர்ந்தது. நாளை வேறொன்றைத் தொடங்கினாலும் அதே மனிதர்களிடம் போய்க் கேட்கலாம்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். யாராவது ஏற்கெனவே ஏதேனும் திட்டம் வைத்திருந்தால் அதையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.